தையல்காரியின் முதுகுவலி

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஊரில் உள்ள பெண்களின் உடம்பெல்லாம் தெரியும். தன் உடம்பு மட்டும் கடைசியில்தான் தெரியவரும்.

எங்கள் கடை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், வல்லம் தாண்டி இருக்கிறது. கடை என்று சொல்வது பெருமைக்குத்தான், வீட்டின் முன்னறை அது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட், கம்பெனி ஹாஸ்டல் பெண்களுக்குச் சுடிதார். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தப்பும் தவறும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்பில் கட்டி வந்து இடது பக்கத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டி மறுபடி முளைத்தது. ஜாக்கெட்டின் இடது பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பல பேர் என்னைப் போலவே ஆஸ்பத்திரி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தவர்கள், உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவை நினைத்து எனக்குப் பயம் உண்டு. வலியை நினைத்து வருகிற பயம் அதைவிடப் பெரியது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இதே நோயில் கத்திக் கத்தியே போனார். தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர நான் யாரிடமும் வேறெதுவும் கேட்கவில்லை.

மிதிக்கிற கால்

இடுப்புக்கு மேலே, நடு முதுகில் வலி ஆரம்பித்தது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஸ்டூலை மாற்றச் சொன்னார் ஒருவர். தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொள் என்றார்கள், வேண்டிக்கொண்டேன். செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடமும் சொன்னேன். "என்னம்மா வேலை பண்றீங்க?" என்றார். தையல் என்றேன். அவர் முகத்தில் இருந்த கேள்வி அப்படியே அணைந்துவிட்டது. தடவ ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார்.

எனக்குள் ஒரு சின்ன சந்தேகம் மட்டும் ஊசி மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. மிஷின் பக்கமே போகாத ஞாயிற்றுக்கிழமையிலும் வலித்தது. சும்மா படுத்திருக்கும்போது கூடுதலாக வலித்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. வலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே காரணத்தை அவர்களே தயாராக வைத்திருந்தார்கள். பால் சொசைட்டிக்கார அக்கா ஒருவர், ஜாக்கெட் வாங்க வந்தவர், நான் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"தையல்காரிக்கு முதுகு வலிக்காம, பின்ன போஸ்ட்மேனுக்கா வலிக்கும்?"

பாய் சொன்னது

மிஷினைக் காலால் மிதிப்பதால்தானே வலி என்று என் வீட்டுக்காரர் மிஷினுக்கு மோட்டார் மாட்ட ஏற்பாடு செய்தார். ஸ்ரீபெரும்புதூர் பஜாரிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். வருஷக்கணக்காக எங்கள் மிஷினைப் பார்க்கிறவர். மோட்டாரை மாட்டிவிட்டுப் போனார். இனி காலை லேசாக வைத்தால் போதும், மிஷின் தானாக ஓடும்.

வலி போகவில்லை. மிஷின் கோணலாக நிற்கிறதோ, மேஜை உயரம் சரியில்லையோ என்று எனக்குச் சந்தேகம். பாயை மறுபடி வரவழைத்தேன். அவர் குனிந்து பார்த்தார், மட்டம் வைத்துப் பார்த்தார், எண்ணெய் விட்டு ஓட்டினார், காதை வைத்துக் கேட்டார். பிறகு நான் ஸ்டூலில் உட்காருவதைப் பார்த்தார். உட்கார நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்குரூ டிரைவரைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"மிஷின் நல்லாத்தான்மா கீது. ஓட்டுறவங்களத்தான் எங்கனா கொண்டு போய்க் காட்டணும்."

ஜூஸ்

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே தையல் வேலை என்று நான் சொல்லவே இல்லை. உடம்பு முழுக்க எலும்பைப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா, சார் மட்டும் இருக்கட்டும்" என்றார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். பெயர் மரியாள். வல்லம் வடகால் பக்கம் வீடு, எனக்கு நாலு பஸ் ஸ்டாப் தள்ளி. அத்தனை பக்கத்தில் இருந்தும் அங்கேதான் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டோம். அவருக்கும் என் நோய்தான்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்ல, எலும்பு கொஞ்சம் வீக்காம்" என்றார். பிறகு, கல்யாணம் ஆனதிலிருந்து ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "ஜூஸ் குடிக்கிறியா?" பதிலுக்குக் காத்திராமல் கேன்டீன் பக்கம் போய்விட்டார். மரியாள் கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜூஸா? அப்ப எலும்புல எறங்கிடுச்சும்மா. எங்க வூட்டுக்காரரும் எனக்கு அன்னிக்குத்தான் ஆப்பிள் ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு."

நானே கேட்டேன்

அடுத்த தடவை போனபோது, வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். "எனக்கு என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றேன். "நீங்க பயந்துடுவீங்கன்னுதாம்மா..." என்று டாக்டரம்மா இழுத்தார். "பயந்துகிட்டுத்தான் டாக்டர் இருக்கேன். எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சா, மத்ததுக்கெல்லாம் பயப்படாம இருக்கலாம்" என்றேன்.

அவர் படத்தை விளக்கு முன்னால் வைத்துக் காட்டினார். முதுகெலும்பில் இங்கே, இடுப்பில் இங்கே. முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். வருஷக்கணக்கிலும் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். பாரம் தூக்கக் கூடாது. பஸ்ஸில் குலுங்கக் கூடாது. கால் மரத்துப்போனால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். முதுகுக்குக் கரண்ட் வைக்கத் தேதி கொடுத்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சிடுச்சா உனக்கு? எனக்கு இப்பத்தான்டி மூச்சே வருது."

முகூர்த்த ஜாக்கெட்

விஷயம் ஊருக்குள் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த ஜாக்கெட் துணி கொடுத்திருந்த சரசு அக்கா வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துணியை நான் இன்னும் வெட்டவில்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. "உன் கை நல்ல கைதான், நான் இல்லைன்னு சொல்லல. சம்பந்தி வூட்ல யாராவது எதனா சொல்லுவாங்க. தப்பா நெனைச்சுக்காதே" என்றார். நான் துணியை மடித்துக் கொடுத்தேன்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய சொந்த ஜாக்கெட் துணி, அதே கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"என்னோடத நீயே தை. உன்னை வுட்டா என் தோளுக்கு ஒருத்தியும் சரியா வெட்ட மாட்டா."

பரவால்லை

முதுகுக்குக் கரண்ட் வைத்த பிறகு வலி கொஞ்ச நாள் அடங்கியது. பிறகு இடுப்பில் பிடித்துக்கொண்டது. இது வேறு வகை வலி. தூக்கத்தையும் சாப்பாட்டையும் அது எடுத்துக்கொண்டது. கடையில் யாராவது சிரித்தால்கூட எனக்குக் கோபம் வந்தது. ஆனால் டாக்டரம்மா, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்கும்போது என் வாயில் வருவது ஒரே வார்த்தை. "பரவால்லை டாக்டர்." நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். பெரியவர்கள் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதானே நமக்குச் சொல்ல வரும்? டாக்டரம்மாவும் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரையையே எழுதிக்கொடுப்பார்.

மரியாள் என்னைப் பெஞ்சிலேயே வைத்துத் திட்டினார். "அவங்க இன்னா உன் வூட்டுக்கு வந்த விருந்தாளியா, பரவால்ல பரவால்லன்றதுக்கு? உள்ள போய் அழு. அழ வெக்கமா இருந்தா, எப்படி வலிக்குதுன்னாவது சொல்லு."

அடுத்த முறை சொன்னேன். "டாக்டர், மோட்டார் மிஷின்ல தைக்கும்போது சில சமயம் ஊசி விரல் நகத்துல எறங்கிடும். கைய இழுக்க முடியாது. சக்கரத்தைத் திருப்பினாத்தான் ஊசி மேல வரும். அந்த ஒரு நொடி எப்படி இருக்குமோ அப்படி எனக்கு நாள் முழுக்க இருக்கு. சக்கரத்தைத் திருப்ப ஆள் இல்லை." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல? நான் கேக்கறப்பல்லாம் பரவால்லைன்னுதானே சொன்னீங்க!"

பூட்டுக்குள் இருக்கிற மாத்திரை

அன்றைக்குத்தான் மார்ஃபின் என்கிற வலி மாத்திரையை எழுதிக்கொடுத்தார். அபினியிலிருந்து எடுப்பது, மருந்துக்கடையில் கிடைக்காது, ஆஸ்பத்திரி ஸ்டோரில் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள் என்றார். எனக்கு அதிலும் பயம். பழகிவிடுமோ, பைத்தியம் பிடிக்குமோ, கடைசிக் காலம் வந்துவிட்டதால்தான் கொடுக்கிறார்களோ? மரியாள், "மலம் போவாது, அதுக்கு மட்டும் பயப்படு, வாழைப்பழம் வாங்கி வெச்சுக்கோ" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. ஆனால் முதல் மாத்திரை போட்ட அன்றைக்கு நான் உட்கார்ந்தபடியே ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி முழுவதும் கட்டி முடித்தேன். வலி இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

பயம் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது. மாத்திரை இரண்டு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். நோயாளியே நேரில் வர வேண்டும். அலமாரிச் சாவி ஒரே ஒருவரிடம்தான். ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவில் இருந்த கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேர்ந்தேன். ஸ்டோர் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் சீட்டைப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொன்னாள். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் ஜன்னலைச் சாத்தினார்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் எடுக்கக் கிளம்பிவிட்டார். அந்தப் பெண் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

"சாவி சார்கிட்ட இருக்கும்மா. சார் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. திங்கக்கிழமை வாங்க."

ஸ்பீட் பிரேக்கர்

மாத்திரை வாங்கப் போவதே ஒரு கண்டம். ரோடு அகலப்படுத்துகிறோம் என்று வழி முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த காலம். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகெலும்பு முறிந்துவிடும் என்றே உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா சொன்ன "கால் மரத்துப்போனால்" ஞாபகத்துக்கு வரும். கட்டை விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொள்வேன். அதனால் ஆஸ்பத்திரி நாட்களில் என் வீட்டுக்காரர் மேனேஜரிடம் கேட்டு, நைட் ஷிப்ட் முடிந்து பூந்தமல்லிப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொள்வார். அவரே ஓட்டுவார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் பஸ் நின்று, ஒரு சக்கரமாக ஏறி, ஒரு சக்கரமாக இறங்கும். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்.

நைட் ஷிப்ட் பையன்களுக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற அவசரம். ஒருவன், "இன்னாண்ணே, பஸ்ஸத் தள்ளணுமா?" என்று கத்தினான். இன்னொருவன் விசில் அடித்தான். எனக்கு அவமானமாக இருந்தது, இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். அவர் திரும்பாமலே, "வூட்டம்மாவுக்கு முதுகெலும்புல நோவுப்பா" என்று மட்டும் சொன்னார். விசில் அடித்தவன்தான் பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தான்.

"மெதுவாவே போண்ணே. வூட்டுல போய்த் தூங்குறத இங்கயே தூங்கிக்கிறோம்."

இரண்டு இஞ்சு லூஸ்

நோய் வந்ததிலிருந்து அளவு எடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், கட்டி கிட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கேட்டுவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். சிலர் காதில் வாங்காதது மாதிரி துணியைப் பிரிப்பார்கள். செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், நான் கேட்டதும் டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒன்று இருக்கிறதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். லீவு போட்டால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள், ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது. இருபது வயதுகூட இருக்காது. அளவை எடுத்து எழுதினேன், என்ன எழுதினேன் என்று தெரியவில்லை. அவள் வீக்லி ஆஃப் அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தேன்.

ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வருகிற வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் கட்டிதான், சின்ன வயதில் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். செல்வி சுடிதார் வாங்க வந்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பக்கவாட்டில் துணியை இழுத்துப் பிடித்துக் காட்டினாள்.

"எக்கா, கட்டி எனக்கா ஒங்களுக்கா? நீங்க பயந்த பயத்துல ரெண்டு இஞ்சு லூசால்லா தச்சிருக்கீய!"

பெரிய டாக்டர் ரூம்

சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போன கதையை நான் மரியாளிடம் சொன்னேன். அவர் கடலை தின்பதை நிறுத்திவிட்டு எழுந்தார். "வா, பெரிய டாக்டரப் பாப்போம்." எனக்குப் பயம். கோபித்துக்கொண்டு மாத்திரையே கொடுக்காமல் விட்டுவிட்டால்? மரியாள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவர் முந்தானையைப் பிடிக்காத குறையாகப் பின்னால் போனேன்.

என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "என்னம்மா?" என்றதும் எல்லாம் மறந்துவிட்டது. மரியாள் முழங்கையால் இடித்தார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை தர வேண்டும், நோயாளி வர முடியாவிட்டால் வீட்டு ஆளிடம் தர வேண்டும், சாவி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. "அபினி மருந்தும்மா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணும். நாளைக்கு எவனாவது வெளிய வித்தா நான்தான் மாட்டுவேன்" என்றார். அவர் பயம் அவருக்கு. மரியாள் சும்மா இருக்கவில்லை. "விக்கிறதா? சார், ஒரு மாத்திர கை தவறிக் கீழ வுழுந்தா, இந்த இடுப்ப வெச்சுகினு கட்டிலுக்கு அடியில பூந்து தேடுறோம் சார்." யோசிக்கிறேன் என்றார். போனோம். மறுபடியும் போனோம். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எங்களோடு வந்து கதவருகில் நின்றார்கள். டாக்டரம்மாவும் எங்களுக்காகப் பேசியதாக நர்ஸ் சொன்னார்.

கடைசியில் ஒருநாள், "ஒரு மாசத்துக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். இன்னொரு சாவி ஹெட் நர்ஸ்கிட்ட இருக்கும். வீட்டு ஆளும் வரலாம். போதுமா? இனிமே என் ரூம் பக்கம் வரக் கூடாது" என்றார். நான் கும்பிட்டேன், அழுதேன். மரியாள் வெளியே வந்து கதவைச் சாத்தும் வரை பொறுத்திருந்தார்.

"இவர் ரூமுக்கு இனி எதுக்கு? கரண்ட் வைக்கிற இடத்துல நிக்க முடியலன்னு சேர் கேக்கணும், அது வேற டாக்டரு."

தெரசா

சேர் கேட்க மரியாள் வரவில்லை. கால் மரத்து விழுந்துவிட்டது, எழுந்து நடக்க முடியவில்லை என்றார்கள். அவருடைய தங்கை தெரசா மாத்திரை வாங்க வந்தாள். எங்கள் பெஞ்சிலிருந்து வீட்டு ஆள் வந்து வாங்கிய முதல் மாத்திரை அதுதான். நான் ஒருமுறை வீட்டுக்காரரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மரியாள் பாயில் படுத்தபடி, நான் போட்டிருந்த ஜாக்கெட்டின் கழுத்து கோணல் என்றார். கோணல்தான். அங்கே இருந்த நேரமெல்லாம் நான் அவரில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கால், என் கால். வீட்டுக்கு வந்ததும் கட்டை விரலை ஆட்டிப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் தெரசா ஸ்டோர் வாசலில் நின்றாள். வாங்க வரவில்லை. மீதமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் எல்லாரும் எப்போது, எப்படி, யார் யார் வந்தார்கள் என்று கேட்டார்கள். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். கேட்கவும் பயம், கேட்காமல் எழுந்து போகவும் முடியவில்லை. எல்லாரும் போன பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிச்சுதா?" என்றேன். தெரசா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"அன்னிக்குக் காலையிலகூட டீயில சக்கரையே இல்ல, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு என்னைத் திட்டுச்சுக்கா. வலிக்கிறவ டீக்கு சண்ட போடுவாளா, சொல்லு?"

என்னைத் தைரியக்காரி என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள், அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான்: என் தைரியம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு டப்பாவில் இருக்கிறது, ஒரு மாதத்துக்கு வரும், தீர்ந்தால் மறுபடி போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.